வெயில் ஏறிய பிறகுதான் ஓட்டம்

கேள்வி: வயது 34. அக்டோபர் கடைசியில் கோவாவில் நடக்கும் அரை அயர்ன்மேன் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். நீச்சல் 1.9 கி.மீ., சைக்கிள் 90 கி.மீ., ஓட்டம் 21.1 கி.மீ. இலக்கு 6 மணி நேரம். தினமும் விடியற்காலை நாலரைக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் பயிற்சியை முடித்துவிடுவேன். போன ஞாயிறு பதினொரு மணிக்கு ஓடிப் பார்த்தேன். எட்டாவது கிலோமீட்டரில் தலை கிறுகிறுத்து உட்கார்ந்துவிட்டேன். இலக்கை மாற்றவா? வெயிலுக்கு எப்படித் தயாராவது? வெட்சூட் (நீச்சலுக்குப் போடும், உடம்போடு ஒட்டிய ரப்பர் உடை) வாங்க வேண்டுமா?
- ஒரு வாசகர், உச்சிப்புளி

பதில்: தம்பி, முதலில் அந்தக் கிறுகிறுப்பை ஒரு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரத்த அழுத்தத்துக்கோ வேறு எதற்கோ மாத்திரை எடுப்பவர் என்றால் இது கட்டாயம். அவர் சரி என்றால் மேலே படியுங்கள்.

உங்கள் 6 மணி நேரம் விடியற்காலையில் போட்ட கணக்கு. நீச்சலுக்கு 50 நிமிடம், சைக்கிளுக்கு 3 மணி 10 நிமிடம், உடை மாற்ற 10 நிமிடம், ஓட்டத்துக்கு 1 மணி 50 நிமிடம் என்று பிரித்திருப்பீர்கள். காலை ஏழு மணிவாக்கில் தண்ணீரில் இறங்கினால், ஓட்டம் தொடங்கும்போது பதினொன்றைத் தாண்டிவிடும். நீங்கள் உட்கார்ந்துவிட்டதும் அதே நேரத்தில்தான். வெயிலில் இரத்தம் காலுக்கும் போக வேண்டும், உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் போக வேண்டும். அதனால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை சொட்டுகிறதே தவிரக் காய்வதில்லை; காய்ந்தால்தான் சூடு இறங்கும். கிலோமீட்டருக்கு 30 விநாடி கூடினாலே 10 நிமிடத்துக்கு மேல் போய்விடும்.

எனவே நேரத்தை இப்போதே முடிவு செய்யாதீர்கள். முதல் இலக்கு, தெளிவோடு முடிவுக் கோட்டைத் தாண்டுவது. அடுத்தது, தண்ணீர் கொடுக்கும் இடங்களில் தவிர வேறெங்கும் நடக்காமல் ஓடி முடிப்பது. இந்த இரண்டாவதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். சைக்கிளில் அடக்கி மிதித்தவருக்குத்தான் அது கைகூடும். நேரம் மூன்றாவது. அதையும் வெயிலில் ஓடிப் பார்த்த வேகத்தை வைத்து, போட்டிக்குப் பத்து நாள் முன்னால் எழுதிக்கொள்ளுங்கள்.

உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் போதும். இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பு குறையும். ஆனால் விட்டுவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஆகவே இந்தப் பழக்கத்தைப் போட்டிக்கு முந்தைய மூன்று வாரங்களுக்குள் வையுங்கள். எடுத்த எடுப்பில் உச்சி வெயில் வேண்டாம். ஒன்பது மணிக்கு 30 நிமிடம், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் தொடங்கி, மெல்ல நேரத்தையும் வெயிலையும் கூட்டுங்கள். கடும் பயிற்சிகள் விடியற்காலையிலேயே இருக்கட்டும். துணைக்கு ஒருவர் வண்டியில் வரட்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்த நாட்களில் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

உச்சிப்புளியிலிருந்து மண்டபம் போகும் சாலையில் ஒன்றைக் கவனியுங்கள். தென்மேற்குக் காற்று முதுகில் தள்ளும்போது வேகமாக ஓடுவீர்கள். ஆனால் உடம்பைத் தொட்டுப் போகும் காற்றே இருக்காது, சூடு அப்படியே தங்கும். திரும்பும்போது எதிர்காற்று வேகத்தைக் குறைக்கும், உடம்புக்கோ சுகம். கோவாவிலும் சைக்கிளை விட்டு இறங்கியதும், அதன் வேகத்தில் முகத்தில் அடித்த காற்று நின்றுவிடும். ஆகவே முதல் 5 கி.மீ. வேண்டுமென்றே மெதுவாக ஓடுங்கள்.

தண்ணீர்க் கணக்கை வீட்டிலேயே போடலாம். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஈரம் துடைத்து, துணியில்லாமல் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்து, இடையில் அரை லிட்டர் குடித்திருந்தால், மணிக்கு ஒன்றரை லிட்டர் வியர்க்கிறது. அத்தனையும் திரும்பக் குடிக்க வேண்டியதில்லை. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். லிட்டருக்குக் கால் டீஸ்பூன் உப்பு என்று தொடங்கிப் பாருங்கள். பயிற்சி முடிந்ததும் உப்புப் போட்ட நீராகாரம் அருமையானது. போட்டியன்று மட்டும் புதிதாக எதையும் வாயில் வைக்காதீர்கள். தொப்பிக்குள் ஐஸ், தலையிலும் முன்கையிலும் தண்ணீர், அது ஒவ்வொரு நிறுத்தத்திலும் நடக்கட்டும்.

வெயிலில் மயிர்க்கூச்செறிந்தாலோ, பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தடுமாறினாலோ அத்தோடு ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். கூட வருபவரிடமும் சொல்லி வையுங்கள்: ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் ஐஸ் தண்ணீரில் உடம்பை நனைத்துக் குளிர்விக்க வேண்டும்.

வெட்சூட் வேண்டாம். வெதுவெதுப்பான கடலில் அதை அனுமதிக்க மாட்டார்கள், உடம்புச் சூட்டையும் அது ஏற்றும். உங்கள் ஊருக்கு அருகே அரியமான் பக்கம் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) இப்போது அமைதியாக இருக்கும். வாடைக்காற்று தொடங்குவதற்குள் திறந்த கடல் நீச்சலை முடித்துவிடுங்கள். தனியே இறங்காதீர்கள். சொறி மீன் வந்திருக்கிறதா என்று கரையில் இருக்கும் மீனவர்களைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.