999 ரூபாய் பரிசோதனை, 21,400 ரூபாய் வேலை, அப்புறம் ஒரு ஷாக்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. தஞ்சாவூரில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். வீடு கட்டி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. 'வீடு முழுவதும் மின் பாதுகாப்புப் பரிசோதனை 999 ரூபாய் மட்டுமே' என்று செல்போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து அழைத்தேன். இரண்டு பையன்கள் வந்து இருபது நிமிஷம் டெஸ்டரை அங்கங்கே வைத்துப் பார்த்துவிட்டு, "வயரிங் மொத்தமும் போச்சும்மா, எப்ப வேணாலும் தீப்பிடிக்கும்" என்றார்கள். டி.பி. பாக்ஸை (கரண்டை அறைகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) மாற்றி ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் கருவி) போட 16,500 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பயத்தில் சரி என்றேன். வேலை முடிந்ததும் கூடுதல் சாமான், ஜி.எஸ்.டி. என்று சொல்லி 21,400 வாங்கிக்கொண்டார்கள்; 999 தனி. பில் இல்லை, வட்ட முத்திரை குத்திய 'பாதுகாப்புச் சான்றிதழ்' ஒன்று தந்தார்கள். இரண்டே மாதத்தில் கீசர் போட்டபோது குழாயில் ஷாக் அடித்தது. தெரிந்த வயர்மேன் பாக்ஸைத் திறந்து பார்த்து, கீசர் லைனை ஆர்.சி.சி.பி.யில் சேர்க்கவே இல்லை, எர்த்தும் கொடுக்கவில்லை என்கிறார். இதற்கெல்லாம் அரசு நிர்ணயித்த கட்டணம் கிடையாதா? என் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அம்மா, முதலில் பாக்ஸில் கீசர் லைனுக்கு உள்ள எம்.சி.பி. சுவிட்சை இறக்கி வையுங்கள். அதைச் சரிசெய்யச் சொல்லி வயர்மேனிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் நல்லது. திறந்த பாக்ஸைப் பல பக்கமிருந்தும் போட்டோ எடுத்து வைக்காமல் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொட வேண்டாம். உங்கள் வழக்கின் முக்கியமான சாட்சி அந்தப் பாக்ஸ்தான்.

கட்டணத்துக்கு வருகிறேன். சாதாரண வீட்டுக்குத் தனியார் செய்யும் பரிசோதனைக்கு அரசு எந்த விலையும் வைக்கவில்லை. ஆகவே '16,500 அநியாயம், எங்கள் தெருவில் 9,000-க்குச் செய்வார்கள்' என்று மட்டும் சொல்லி நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் எடுபடாது. அதிக விலை கேட்பது குற்றமில்லை. பேசியதற்கு மேல் வாங்குவதுதான் தவறு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(6) இதைத் தெளிவாகவே சொல்கிறது: சட்டம் நிர்ணயித்த விலை, விலைப்பட்டியலில் காட்டிய விலை, இரு தரப்பும் ஒத்துக்கொண்ட விலை, இவற்றுக்கு மேல் வசூலித்தால் புகார் செய்யலாம். வாட்ஸ்அப்பில் வந்த 16,500 ஒத்துக்கொண்ட விலை. அதற்கு மேல் போன 4,900 ரூபாயை நீங்கள் எழுத்திலோ பேச்சிலோ ஒத்துக்கொண்டதாக அவர்கள்தான் காட்ட வேண்டும். அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் போனை அப்படியே வைத்திருங்கள்.

ஜி.எஸ்.டி. விஷயம் இன்னும் எளிது. பதிவு செய்யாத ஆள் ஜி.எஸ்.டி. என்ற பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு செய்தவர் என்றால் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் தர வேண்டும். பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடவடிக்கைதான் என்று நுகர்வோர் சட்டம் சொல்கிறது.

16,500-ஐ எப்படி மீட்பது? இங்கே விலையை விடுங்கள், வேலையின் தரத்தைப் பிடியுங்கள். ஆர்.சி.சி.பி. என்பது போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி. வீட்டுக்குப் போடுவது 30 மில்லிஆம்பியர். அந்த அளவு கசிந்தாலே டிரிப் ஆக வேண்டும், அதாவது தானாக அணைய வேண்டும். அதைத் தாண்டி நேராக எடுத்த லைனில் என்ன கசிந்தாலும் அதற்குத் தெரியாது. ஏன் அப்படி எடுத்திருப்பார்கள்? பழைய வீடுகளில் எங்காவது கசிவு இருக்கும், அல்லது இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரல் கலந்து கிடக்கும். ஆர்.சி.சி.பி. போட்டதும் டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும். கசிவைத் தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகலாம், அந்த லைனை ஆர்.சி.சி.பி.க்கு வெளியே இழுத்துவிட ஐந்து நிமிஷம் போதும். உங்கள் வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எதிர்த்தரப்பு வந்து ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் 'டி' (டெஸ்ட்) பட்டனை அமுக்கி, "பாருங்க, நல்லாத்தான் டிரிப் ஆகுது" என்பார்கள். ஆகத்தான் செய்யும். கருவியில் கோளாறு இல்லையே, கீசர் அதன் பாதுகாப்புக்குள் இல்லை என்பதுதானே உங்கள் புகார்? இந்த வித்தியாசத்தைப் புகார் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

அந்த இருபது நிமிஷப் பரிசோதனையும் பரிசோதனை இல்லை. வீட்டு வயரிங்குக்கு ஐ.எஸ். 732, எர்த்துக்கு ஐ.எஸ். 3043 என்று இந்தியத் தர நிர்ணயங்கள் இருக்கின்றன. வயரின் காப்பு (இன்சுலேஷன்) எப்படி இருக்கிறது என்று பார்க்க மெயினை அணைத்து, சாதனங்களைக் கழற்றி, மெகர் என்ற அளவுக் கருவியை வைத்து 500 வோல்ட்டில் அளக்க வேண்டும்; ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. மெயினை அணைக்காமல், மெகரே இல்லாமல் 'வயரிங் மொத்தமும் போச்சு' என்று ஒருவர் சொன்னால் அது யூகம், அல்லது வியாபாரம். அவர்கள் தந்த தாளில் எந்த அளவீடாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதுவே உங்களுக்குச் சாதகம்.

அந்தத் தாளுக்குச் சட்ட மதிப்பு எதுவும் இல்லை. ஆனால் கிழித்துப் போடாதீர்கள்! 'பாதுகாப்பானது' என்று அவர்களே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது.

இன்னொன்று. பல்பு, ஃபேன், சுவிட்ச் மாற்றுவதை யாரும் செய்யலாம். டி.பி. பாக்ஸ் மாற்றுவது அப்படியில்லை. உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. தமிழ்நாட்டில் உரிமம் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம். நோட்டீஸில் அவர்களுடைய உரிம எண்ணைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் பக்கம் இன்னும் பலப்படும்.

உங்கள் வயர்மேன் சொன்னது வாய்வார்த்தை. உரிமம் உள்ள வேறு ஓர் ஒப்பந்ததாரரை அழைத்து, தேதி, உரிம எண், மெகர் அளவு, லைன் எப்படிப் போகிறது என்ற படம், இவற்றோடு கையெழுத்திட்ட அறிக்கை வாங்குங்கள். அதற்கான கட்டணத்தையும் இழப்பீட்டில் சேர்த்துக் கேட்கலாம்.

அப்புறம் பதிவுத் தபாலில் நோட்டீஸ். பணத்தை ஜிபேயில் ஒரு தனிநபர் எண்ணுக்கு அனுப்பியிருந்தால், நிறுவனத்தோடு அவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். 'அவர் எங்கள் ஆளே இல்லை' என்பது பழகிப்போன பதில். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அங்கே இருப்பவர்கள் சமரசம் பேசுவார்கள், உத்தரவு போட முடியாது. சரிவரவில்லை என்றால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். நிறுவனம் சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரில் போடச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாகவே ஆகும். 21,400, 999, அறிக்கைச் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, இவ்வளவும் கேளுங்கள். ஷாக் அடித்ததற்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அந்தச் சீட்டையும் இணையுங்கள்.

நோட்டீஸ் கையில் கிடைத்ததும் "இலவசமாவே வந்து சரிபண்ணித் தர்றோம்மா" என்று போன் வரும். ஒப்பந்ததாரரின் அறிக்கை உங்கள் கைக்கு வரும்வரை அவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.