காவடிக்கு ‘பிடைசன்’ பொருந்துமா?

கேள்வி: தைப்பூசம் பற்றி என் மகள் பள்ளிக்கு எழுதிய ஆங்கிலக் கட்டுரையில், காவடி பூவாலும் மயிலிறகாலும் ‘பிடைசன்’ (bedizen) செய்யப்பட்டிருந்தது என்று எழுதியிருக்கிறாள். அலங்காரத்துக்கு அகராதியில் கிடைத்த சொல்லாம். சரிதானா? எங்கிருந்து வந்தது இது?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: அலங்காரம் என்ற பொருள் அதில் இருக்கிறது, ஆனால் காவடிக்கு வேண்டாம், மாற்றச் சொல்லுங்கள். நகையையும் ஜரிகையையும் அளவில்லாமல் அள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறவரைப் பார்த்து முகம் சுளித்துச் சொல்கிற சொல் அது. ‘என்னமா மினுக்கிக்கிட்டு வர்றா’ என்பார்களே, அந்தத் தொனி.

இத்தனைக்கும் அது பிறந்தது உழைக்கிற கைகளில். முதலில் வெறும் ‘டைசன்’தான். ஆளிச் செடியின் நாரை நூற்பதற்கு முன், சிக்கெடுத்து ஒரு கோலின் தலையில் சுற்றிக் கட்ட வேண்டும். கோலை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கை நாரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து விட, இன்னொரு கையில் நூலை முறுக்கும் கதிர் சுழலும். அந்தக் கோலுக்கு நார் சுற்றுவதுதான் டைசன், 1530-லேயே அச்சில் வந்துவிட்டது. கோலின் பெயர் டிஸ்டாஃப். அதில் வரும் ‘டிஸ்’ நார்க்கட்டு, ‘ஸ்டாஃப்’ கோல். கோலுக்கு உடுத்திவிடுவது ஆளுக்கு உடுத்திவிடுவதாக மாறி, 17-ஆம் நூற்றாண்டில் முன்னால் ‘பி’யும் ஒட்டிக்கொண்டது, ஓர் இடம் விடாமல் என்ற அழுத்தத்தோடு. அப்புறம் ஏளனமும் சேர்ந்தது. தாய்வழிச் சொந்தத்தை இன்றைக்கும் ஆங்கிலத்தில் டிஸ்டாஃப் பக்கம் என்பார்கள், பெண் குதிரைகள் ஓடும் பந்தயத்துக்கும் அந்தப் பேர் உண்டு. பெண்கள் நாளெல்லாம் பிடித்து உழைத்த கோலிலிருந்து வந்த சொல், கடைசியில் பெண்ணின் உடுப்பைப் பழிக்கப் போனதில் எனக்கு வருத்தம்தான்.

சரி, காவடிக்கு வருவோம். வளைத்த மரச்சட்டத்தில் சாமந்திச் சரத்தை நெருக்கிக் கட்டி, எலுமிச்சை கோத்து, மயிலிறகு செருகி, இரண்டு பக்கமும் பால்செம்பு தொங்கவிட்டு, விரதமிருந்து செய்கிற வேலை அது. வெளியார் கண்ணுக்கு நிறம் கூடுதலாகத் தெரியலாம், நமக்கு அதில் எதுவும் மிகையில்லை. 1860-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களின் முதல் கூட்டம் வந்து இறங்கிய ஊர் இது. அந்த வழியில் வந்த பிள்ளைகள் இன்று காவடியைப் பற்றி ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள். படிக்கிற ஆசிரியை காவடியைப் பார்த்தே இருக்கமாட்டார். இந்த ஒரு சொல்லை வைத்தே நம் நேர்த்திக்கடனைப் பகட்டு என்று நினைத்துவிடுவார்.

‘பெடெக்’ என்று போடலாம், அதில் குத்தல் இல்லை. ‘அடோர்ன்’ இன்னும் நல்லது, கோயில், தெய்வம் என்று வருகிற இடத்தில் கூசாமல் நிற்கும். ஆனால் மகளைத் திட்டாதீர்கள், அகராதியைப் புரட்டித் தேடியிருக்கிறாளே! பகட்டுக்காரி ஒருத்தியைக் கதையில் எழுதும்போது பிடைசன் அவளுக்குக் கைகொடுக்கும். ‘பிடிசன்’ என்று உச்சரிப்பவர்களும் உண்டு, இரண்டும் சரி.