கி.பி. 642-ல் உலகத்தில் என்னதான் நடந்தது?

வாதாபி வீழ்ந்த வருடம்தானே, மற்ற நாடுகளில் ஏதாவது நடந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே நடந்தது.

முதலில் நம்ம ஊர்க் கதை. காஞ்சிவரை படை நடத்திப் பல்லவர்களை அலைக்கழித்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் தலைநகரான வாதாபியையே பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் போய்ப் பிடித்தான். பிடித்ததோடு விடவில்லை, அங்கே (இன்றைய பாதாமி) ஒரு பாறையில் தன் பெயரில் கல்வெட்டும் வெட்டி வைத்துவிட்டு வந்தான். சிதைந்த நிலையில் இன்றும் இருக்கிறது. எதிரியின் வீட்டுச் சுவரிலேயே கையெழுத்துப் போட்ட மாதிரி! பல்லவப் படைத்தலைவர் சிறுத்தொண்டர் வாதாபியை அழித்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது, ஆனால் அது பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்டது.

ஆனால் உலக அளவில் பார்த்தால் அந்த வருடத்தின் பெரிய சம்பவம் ஈரானில் நடந்த நஹாவந்த் போர் என்றுதான் சொல்வேன். நானூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற சாசானியப் பேரரசின் முதுகெலும்பை அரபுப் படைகள் அங்கேதான் முறித்தன. அரபுகள் இதை 'வெற்றிகளின் வெற்றி' என்றே அழைத்தார்கள். கடைசி மன்னன் மூன்றாம் யஸ்த்கர்த் கிழக்கே ஓடி ஓடி, 651-ல் மெர்வ் அருகே கொல்லப்பட்டான். அதே 642-ல் பைசாந்திய (கிழக்கு ரோமானிய) படை எகிப்தின் அலெக்சாந்திரியாவை அரபுகளிடம் விட்டு, காலி செய்துவிட்டுக் கப்பல் ஏறியது.

அப்புறம் கொரியா. அங்கிருந்த அரசுகளில் ஒன்றான கோகுரியோவில் யோன் கேசோமுன் என்ற தளபதி மன்னரையே கொன்றுவிட்டு, அவருடைய உறவினர் ஒருவரை அரியணையில் உட்காரவைத்துத் தானே ஆட்சியை நடத்தினான். இங்கிலாந்தில் நார்தம்பிரியா மன்னன் ஆஸ்வால்ட், இன்னொரு அரசான மெர்சியாவின் மன்னன் பெண்டாவை எதிர்த்து நடந்த போரில் இறந்தான்.