நீளமான ஒலிப்பதிவைத் திறந்தால் கணினி உறைகிறது, கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டுமா?

கேள்வி: பேட்டிகளைப் பதிவு செய்து எடிட் பண்ணுவதுதான் என் வேலை. ஒரு மாதமாக, ஒரு மணி நேரப் பதிவைத் திறந்தாலே எடிட்டிங் மென்பொருள் அப்படியே உறைந்துவிடுகிறது. சின்னக் கோப்புகளுக்குப் பிரச்சினை இல்லை. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போட்டும் அதே கதைதான். கணினி விற்றவர் "கார்டு பழசு, மாத்திடுங்க" என்கிறார். பின்னணி இரைச்சலைக் கண்டுபிடிக்க அலைவடிவத்துக்குப் பதில் ஸ்பெக்ட்ரோகிராம் (ஒலியின் அதிர்வெண்களை வண்ணமாகக் காட்டும் படம்) வைத்திருக்கிறேன், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

பதில்: சம்பந்தம் இருக்கிறது, அதனால் இப்போதைக்குக் கார்டு வாங்காதீர்கள். கார்டு கெட்டுப்போயிருந்தால் கோப்பின் நீளத்தைப் பார்த்தா கெடும்?

நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியை அளந்து வைத்த எண்கள்) என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு சேனலிலேயே 15 கோடியே 87 லட்சத்துக்கும் மேல் வரும். அலைவடிவம் வரைய இத்தனையையும் படிக்க வேண்டியதில்லை, உதாரணமாக ஆடாசிட்டி என்ற எடிட்டிங் மென்பொருள் 256 சாம்பிளுக்கு ஒரு சுருக்கம் என்று முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும். ஸ்பெக்ட்ரோகிராமுக்கு அந்தச் சுருக்கம் உதவாது, உள்ளே போய் அதிர்வெண் கணக்கைப் போட்டால்தான் வண்ணம் வரும். அதில் விண்டோ சைஸ் என்று ஒன்று இருக்கிறது, ஒரு கணக்குக்கு எத்தனை சாம்பிள் எடுப்பது என்று சொல்வது, வழக்கமாக 2048. துல்லியமாகத் தெரியட்டும் என்று யாராவது சொன்னதைக் கேட்டு அதை 32768 ஆக்கியிருந்தால் (எனக்கென்னவோ நீங்கள் ஆக்கியிருப்பீர்கள் என்றுதான் தோன்றுகிறது) வேலை இன்னும் கனமாகிவிடும்.

இந்தக் கணக்கைப் பெரும்பாலும் போடுவது பிராசஸர்தான், அதுவும் பல நேரம் அதற்குள் இருக்கும் ஒரே ஒரு கோர் (தனியாக வேலை செய்யும் பகுதி). எட்டு கோர் இருக்கிற கணினியில் ஒன்று மட்டும் மூச்சுமுட்ட ஓடினால் விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் மொத்தத்தில் சுமார் 13 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் காட்டும், அதைப் பார்த்துவிட்டு "பிராசஸர் சும்மாதானே இருக்கிறது, அப்போ கார்டுதான்" என்று பழி போடுகிறார்கள்.

சரி, என்ன செய்வது? மென்பொருளைத் திறந்து, எந்தக் கோப்பையும் ஏற்றாமல் காலியாக இருக்கும்போதே பிரிஃபரன்ஸுக்குப் போய், டிராக் தோற்றத்தை அலைவடிவம் என்றும் விண்டோ சைஸை 2048 என்றும் மாற்றுங்கள். அப்புறம் கோப்பைத் திறங்கள். மறுபடி நிறுவியும் சரியாகாததற்குக் காரணமும் இங்கேதான், அமைப்புகள் உங்கள் பயனர் கோப்புறையில் தனியாக இருக்கும், மென்பொருளை நீக்கினாலும் அவை பெரும்பாலும் போகாது. இரைச்சலைத் தேட ஸ்பெக்ட்ரோகிராம் வேண்டும்தான், ஆனால் பத்து நொடியைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அதற்கு மட்டும் போடுங்கள், ஒரு மணி நேரத்துக்கும் சேர்த்துப் போட்டுப் பார்த்தால் கண்ணுக்கும் ஒன்றும் புரியாது.

கார்டைச் சந்தேகிக்க வேண்டிய அறிகுறிகள் வேறு. மென்பொருள் மட்டும் நின்று மவுஸ் நகர்ந்தால் அது கார்டின் வேலையாக இருக்க வாய்ப்பு குறைவு. மவுஸும் சேர்ந்து நின்று, திரை கறுத்துத் திரும்பி வந்தால் விண்டோஸில் கணினியின் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து 4101 என்ற எண் இருக்கிறதா பாருங்கள், திரை டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பதில் சொல்லாமல் நின்று மீண்டது என்று அர்த்தம். அப்போதும் முதலில் டிரைவரைப் புதுப்பியுங்கள், பிளக்இன்களில் (கூடுதலாகச் சேர்க்கும் துணை மென்பொருள்களில்) கார்டை வைத்துப் படம் வரையும் ஓபன்ஜிஎல் இருந்தால் அணைத்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு விற்றவர் கார்டுதான் என்று சாதித்தால், அந்த ஒரு மணி நேரக் கோப்பையும் உங்கள் கணினியையும் எடுத்துக்கொண்டு போய், முன்பு உறைந்தபோது இருந்த அதே அமைப்புகளோடு, புதுக் கார்டைப் பொருத்தி உங்கள் கண் முன்னால் அதே கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறந்தால் மட்டும் பணத்தைப் பற்றிப் பேசலாம்.