ஏற்றுக்கொள்வது வேறு, பொறுத்துப்போவது வேறு

துணையின் நடத்தையை அப்படியே ஏற்றுக்கொண்டால் மணவாழ்க்கையில் நிறைவு கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடும் என்பதே என் பதில். ஆனால் நான் வெறுமனே பொறுத்துப்போன ஒன்பது ஆண்டுகளில் அது கூடவில்லை.

என் கணவர் வேலையிலிருந்து வந்தால் ஒரு மணி நேரம் யாரிடமும் பேசமாட்டார். அத்தை, சித்தப்பா, பாட்டி என்று வீடு நிறையப் பேச்சோடு வளர்ந்த எனக்கு அந்த மௌனம் அலட்சியமாகவே பட்டது. முதலில் கேட்டுப் பார்த்தேன், பிறகு சண்டையிட்டேன், கடைசியில், இவர் இப்படித்தான் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனாலும் மனத்துக்குள் கணக்கு வைப்பது மட்டும் நிற்கவில்லை. மாமனாரின் திவசத்துக்கு வந்திருந்த நாத்தனார், அப்பா வேலை முடிந்து வந்த கையோடு கத்தத் தொடங்குவார் என்றும், பிள்ளைகள் கொல்லைப்புறத்தில் போய் நின்றுகொள்வார்கள் என்றும் பேச்சுவாக்கில் சொன்னார். அன்றிரவு கணவரிடம் கேட்டேன். "வெளியில் பட்ட கோபம் ஆறும்வரை வீட்டில் வாய் திறக்கக்கூடாது என்று சின்ன வயதிலேயே முடிவு செய்துவிட்டேன்" என்றார். அவ்வளவு நாளும் என்மேல் காட்டும் அலட்சியமென்று நான் நினைத்திருந்தது, எங்களைக் காப்பதற்கு அவர் அறிந்திருந்த ஒரே வழி.

அமெரிக்க உளவியலாளர்கள் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் நீல் ஜேக்கப்சனும், ஒருவரையொருவர் மாற்றுவதோடு ஏற்றுக்கொள்வதையும் மையமாக வைத்து ஒரு தம்பதியர் சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். நாட்பட்ட மனக்கசப்பில் இருந்த 134 தம்பதியரிடம் அதை, நடத்தையை மாற்றுவதிலேயே கவனம் வைத்த பழைய முறையோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, சிகிச்சையின் முற்பாதியில் நடத்தையில் வந்த மாற்றமும், பிற்பாதியில் துணையின் நடத்தையை ஏற்றுக்கொள்ளும் மனமும் மணவாழ்க்கை நிறைவோடு கூடுதலாகத் தொடர்பு கொண்டிருந்தன. ஆகவே நடத்தை மாறவே வேண்டியதில்லை என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, இரு முறைகளிலும் ஏறத்தாழப் பாதித் தம்பதியரே தெளிவான முன்னேற்றத்தோடு இருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மாறியே தீரவேண்டும் என்ற வற்புறுத்தல் தளரும்போது மாற்றம் சில வேளை தானாகவே வரும் என்பதும் அவர்கள் கருத்து. எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. நான் மனத்துக்குள் கணக்கு வைப்பதை விட்ட சில மாதங்களில், அந்த ஒரு மணி நேரத்தை அவர் அடுக்களை வாசலில், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கழிக்கத் தொடங்கினார்.

உங்கள் துணையின் நடத்தை எத்தகையது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அடிப்பதோ, மிரட்டுவதோ, பிறர்முன் இழிவுபடுத்துவதோ என்றால், நான் மேலே எழுதிய எதுவும் அதற்குப் பொருந்தாது. அதை ஏற்றுக்கொள்ளும்படி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் இருக்கும் பெண் என்றால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.