பெயரை விடுங்கள், நிலைய எண்ணைப் பிடியுங்கள்

கேள்வி: வாஷிங்டன் டி.சி. பக்கத்தில் இதழியல் படிக்கிறேன். இங்கே 44-ஆம் சேனலில் வரும், டெலிமுண்டோ என்ற ஸ்பானிஷ் மொழித் தொலைக்காட்சி வலையமைப்பின் நிலையமான டபிள்யூஇசட்டிசி-யின் (WZDC) வரலாற்றை எழுத வேண்டும். ‘லோ-பவர்’, அதாவது குறைந்த திறனில் ஒளிபரப்பும் நிலையம் என்பதாலோ என்னவோ, புத்தகங்களில் இரண்டு வரிக்கு மேல் இல்லை. எங்கே தொடங்குவது?

பதில்: நல்ல வேலையைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். இந்த மாதிரி நிலையங்களின் கதையை இப்போது எழுதாவிட்டால் அப்புறம் எழுத ஆள் இருக்காது.

பெயரை வைத்துத் தேடாதீர்கள். லோ-பவர் நிலையத்தில் பெயர், சேனல், முதலாளி எல்லாமே மாறும். மாறாதது, அமெரிக்காவில் ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்.சி.சி. கொடுத்த நிலைய எண் ஒன்றுதான். அந்த அமைப்பின் இணையத் தரவுத்தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். கோபுரம் எங்கே இருந்தது, எவ்வளவு திறன், யார் யாருக்கு விற்றார்கள் என்பதெல்லாம் விண்ணப்பங்களில் இருக்கும்.

பெயருக்குப் பின்னால் வரும் இரண்டு எழுத்தையும் கவனியுங்கள். எல்.பி. என்றால் அனலாக், எல்.டி. என்றால் டிஜிட்டல். உங்கள் நிலையத்துக்கு இருப்பது சி.டி., அதாவது ‘கிளாஸ் ஏ’ டிஜிட்டல். லோ-பவர் சேவை 1982-இல் வந்தது. அதில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு கிடையாது, பெரிய நிலையம் கேட்டால் சேனலை விட்டுக்கொடுத்தாக வேண்டும். 1999-இல் வந்த சட்டம்தான் வாரம் 3 மணி நேரமாவது உள்ளூரில் தயாரித்தவற்றைக் காட்டும் நிலையங்களுக்குக் கிளாஸ் ஏ தகுதி கொடுத்து அந்தப் பயத்தைப் போக்கியது. அதனால் உள்ளூர் நிகழ்ச்சி என்பது இங்கே வெறும் பெருமை இல்லை, நிலையத்தின் உயிரே அதில்தான் இருந்தது. கிளாஸ் ஏ நிலையங்கள் காலாண்டுக்கு ஒருமுறை என்னென்ன உள்ளூர்ப் பிரச்சினைகளைப் பேசின என்று பட்டியல் தர வேண்டும். நிலையங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கும் பொதுக் கோப்பில் அதைத் தேடி வரிவரியாகப் படியுங்கள்.

முதலாளி விஷயம் சுருக்கம்தான். ஆர்லிங்டனில் இருந்த இசட்.ஜி.எஸ். நிறுவனம் இதை நடத்தியது. எஃப்.சி.சி. நடத்திய அலைவரிசை ஏலத்தில் பணத்துக்குச் சேனலை விட்டுக்கொடுத்து, என்.பி.சி.யின் வாஷிங்டன் நிலையமான டபிள்யூஆர்சி-யோடு ஒரே சேனலைப் பகிர்ந்துகொண்டது. இசட்.ஜி.எஸ்.ஸின் 13 டெலிமுண்டோ நிலையங்களை 75 மில்லியன் டாலருக்கு வாங்குவதாக என்.பி.சி.யுனிவர்சல் 2017 டிசம்பரில் அறிவித்து, 2018 பிப்ரவரியில் முடித்தது. திரையில் தெரியும் 44 வெறும் அடையாள எண், உண்மையான அலைவரிசை வேறு. கட்டுரையில் இதைக் குழப்பிவிடாதீர்கள்.

மனிதர்களின் கதைக்கு 1991-இல் தொடங்கிய ‘எல் டியெம்போ லத்தீனோ’ என்ற ஸ்பானிஷ் வாரப் பத்திரிகையின் பழைய இதழ்களைப் பாருங்கள். பழைய கேமராக்காரர்கள், அறிவிப்பாளர்கள் யாராவது அகப்பட்டால் முதலில் கேட்க வேண்டியது வீட்டுப் பெட்டியில் கிடக்கும் கேசட்டுகள். நிலையங்கள் டேப்பை அழித்து மறுபடி பதிவு செய்வது வழக்கம், அதனால் தப்பிய கேசட் ஒவ்வொன்றும் பொக்கிஷம்.

கேசட்டில் தேதி எழுதியில்லையா? நடுவில் வரும் விளம்பரங்களை ஓட்டிவிடாதீர்கள். குடியேற்ற வழக்கறிஞர், பணம் அனுப்பும் கடை, மளிகைக் கடை என்று ஒவ்வொன்றிலும் ஃபோன் எண் இருக்கும். மேரிலாந்தின் 240 என்ற தொலைபேசிப் பகுதிக் குறியீடு 1997-இல் வந்தது, வடக்கு வர்ஜீனியாவின் 571 குறியீடு 2000-இல் வந்தது. விளம்பரத்தில் 571 கண்ணில் பட்டால், அந்த டேப் 2000-க்கு முந்தையதாக இருக்க முடியாது.