மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் ஒரே சைக்கிள்

கேள்வி: அழகர்மலை அடிவாரத்து மண்பாதைக்கும், ராமேஸ்வரம் வரையிலான நெடும்பயணத்துக்கும் ஏற்ற மலை சைக்கிள் எது? – வாசகர், மேலூர்.

பதில்: பின்பக்கம் சஸ்பென்ஷன் (அதிர்வு தாங்கி) இல்லாத, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் மட்டும் 100 முதல் 120 மி.மீ. வரை அசைவு கொண்ட, 29 அங்குலச் சக்கர சைக்கிளே உங்களுக்குப் பொருந்தும். ஏனெனில், பின் சஸ்பென்ஷன் எடையையும் பராமரிப்புச் செலவையும் கூட்டுவதோடு, தார்ச்சாலையில் நீங்கள் மிதிக்கும் விசையில் ஒரு பகுதியையும் விழுங்கிவிடும். தார்ச்சாலையில் ஃபோர்க் அசையாதபடி பூட்டும் வசதி இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். நம் பக்கத்துச் சீமைக்கருவேல முள்ளை நினைத்தால், டியூப்லெஸ் டயரும் அதனுள் ஊற்றும், முள் குத்திய துளையை அடைக்கும் சீலன்ட் திரவமும் ஆடம்பரமே அல்ல என்பேன். காற்றழுத்தத்தை மண்பாதையில் சற்றுக் குறைத்தும், நெடுஞ்சாலையில் கூட்டியும் வையுங்கள். கேரியர் பொருத்தத் துளைகள் உள்ள பிரேமைத் தேர்ந்தெடுங்கள். பிரேம் அளவு உங்கள் உயரத்துக்குப் பொருந்தாவிட்டால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் அந்தச் சைக்கிளை வாங்காதீர்கள்.